வெள்ளிக்கிழமை மட்டும் செத்துப்போன என்சைம்

என் ஆராய்ச்சிக்கு ஆட்டு ஈரல் வாங்கும் தகுதி எனக்கு இல்லை என்று அப்பா முடிவு செய்தபோது நான் ஆராய்ச்சியில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. நான் வாங்கி வந்த ஈரலை விரலால் அமுக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அதைப் பூனைக்குப் போட்டுவிட்டு, நாளையிலிருந்து நானே வாங்குகிறேன் என்றார். அது எங்கள் வீட்டுப் பூனைகூட இல்லை. சந்தில் யார் வீட்டிலோ வளர்கிற பூனை. என் ஆராய்ச்சியின் முதல் நாளை முழுசாகத் தின்றுவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு போனது.

அப்பா பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாழ்நாள் முழுவதும் பையன்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர், ஓடவிட ஆள் இல்லாமல் போனதும் சமையல்கட்டுக்குள் நுழைந்தார். அம்மா இன்னும் டீச்சர் வேலைக்குப் போகிறாள். கரண்டியை அவர் கையில் கொடுத்தவள், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்க மட்டும்தான் போகிறாள்.

சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா காலைப் பூசை முடிந்ததும் மயிலாப்பூர் பக்கம் இருக்கும் பாய் கடைக்கு நடந்தே போய் ஈரல் வாங்கி வந்துவிடுவார். நான் எழுந்து குளித்து வரும்போது அது ஐஸ் போட்ட டப்பாவில், மூடி இறுக்கி, மேஜைமேல் தயாராக இருக்கும். நான் அதைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அடையாறுக்குப் போவேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற ரோட்டில் ஆட்டோ குதிக்கிற குதியில் பக்கத்தில் இருப்பவர்கள் டப்பாவில் என்ன என்று கேட்பார்கள். ஈரல் என்றால் தள்ளி உட்காருவார்கள், இடம் தாராளமாகக் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை மட்டும் இந்த ஏற்பாடு கிடையாது. வெள்ளிக்கிழமையன்று எங்கள் வீட்டு வாசற்படியைக் கறி தாண்டாது. தவக்காலம் என்று இல்லை, வருஷம் முழுவதும் அப்படித்தான். அது ஆராய்ச்சிக்கு வந்த கறி, யாரும் தின்னப்போவதில்லை என்று நான் வாதாடிப் பார்த்தேன். கறி கறிதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் வெள்ளிக்கிழமைகளில் நானே பாய் கடையில் வாங்கி, வீட்டுக்குள் கொண்டுவராமல் நேராக லேபுக்குப் போய்விடுவேன்.

என்ன ஆராய்ச்சி என்று சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். அமைடு என்று ஒரு வகை வேதிப்பொருள் உண்டு. அதை உடைக்கிற ஒரு நொதி நம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. பாடப்புத்தகத்தில்தான் நொதி, லேபில் எல்லாரும் என்சைம் என்றுதான் சொல்வோம். அந்த என்சைம் அமைடை உடைத்தால் அம்மோனியா வெளியே வரும். எவ்வளவு அம்மோனியா வந்திருக்கிறது என்று பார்த்தால் என்சைம் எவ்வளவு வேலை செய்தது என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

இதையெல்லாம் இப்போது செய்ய லட்சணமான மெஷின்கள் இருக்கின்றன. எங்கள் மேடம் அவற்றை என் கண்ணில் காட்டவே இல்லை. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர்தான். மயிலாப்பூர் மாடவீதிக்காரர், அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிறவர், நான்தான் அவருடைய கடைசி மாணவி. புதிதாக வருகிற யாராக இருந்தாலும் அந்தத் துறையில் முதன்முதலாக என்ன செய்தார்களோ அதைக் கையால் செய்து பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பது அவர் சட்டம். அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? ஈரலை அரைத்துக் கூழாக்கினார்கள். அதில் அமைடைக் கலந்து உடம்புச் சூட்டில் வைத்தார்கள். அம்மோனியா வருகிறதா என்று பார்த்தார்கள். நானும் அதையே செய்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் குளிர்காலத்தில் கையுறைகூட இல்லாமல் செய்ததை, நான் ஏசி ரூமில் உட்கார்ந்து செய்யவே மூக்கால் அழுதேன்.

நான் எடுத்துக்கொண்ட அமைடுக்கு எலி வாடை. மிகைப்படுத்தவில்லை, உண்மையிலேயே எலி வாடை அடிக்கும் பொடி அது. நான் சேர்ந்த மாதத்தில் எங்கள் மாடி முழுவதும் எலித்தொல்லை என்று புகார் போய், ஒவ்வொரு அறையிலும் மசால்வடை வைத்த எலிப்பொறி வந்து உட்கார்ந்தது. ஒரு எலியும் மாட்டவில்லை. வாடை என் பாட்டிலிலிருந்து வருகிறது என்று நான் சொல்லவும் இல்லை, வடை நன்றாக இருந்தது.

மேடம் ஈரலைப் பற்றியே காலமெல்லாம் ஆராய்ச்சி செய்தவர், ஆனால் ஈரல் என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. மெட்டீரியல் என்பார். மெட்டீரியல் வந்தாச்சா, மெட்டீரியலை அரைச்சாச்சா. டப்பாவை நான் திறக்கும்போது அவருக்கு ஜன்னலுக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். கூழாக்கி, குழாயில் ஊற்றி, பார்ப்பதற்கு ஏதோ திரவம் என்று ஆன பிறகுதான் திரும்புவார். அதற்குப் பிறகு அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு துளிகூடப் போக முடியாது.

என்சைமை வேக வைத்தால் செத்துவிடும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் பச்சை ஈரல் ஒரு குழாய், வேகவைத்த ஈரல் ஒரு குழாய் என்று இரண்டு வைப்போம். இரண்டிலும் அமைடு போட்டு, வெதுவெதுப்பில் வைத்து, வடிகட்டி, கடைசியில் அம்மோனியாவைக் காட்டிக்கொடுக்கிற கரைசலை ஊற்றுவோம். அம்மோனியா இருந்தால் மஞ்சளாகும், நிறைய இருந்தால் பழுப்புக்குப் போகும். பச்சைக் குழாய் மஞ்சளாக வேண்டும், வேகவைத்த குழாய் தெளிவாக இருக்க வேண்டும். என்னுடைய குழாய்கள் இரண்டுமே மஞ்சளாயின. பச்சை கொஞ்சம் கூடுதல், வேகவைத்தது கொஞ்சம் குறைவு, ஆனால் இரண்டும் நல்ல மஞ்சள்.

முதல் தடவை கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மேடம் பக்கத்திலேயே நின்று பார்த்தார். நான் கொதிக்க வைத்தது போதவில்லை என்று சொல்லி, குழம்பு கொதிக்கிற மாதிரி கொதிக்க வைக்கச் சொன்னார். அப்படியும் மஞ்சள். அமைடே போடாமல் ஒரு குழாய் வைக்கச் சொன்னார். அதுவும் மஞ்சள். அதற்கும் எங்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது, ஈரலுக்குள்ளேயே அமைடு இருக்குமே, அதை உடைக்கிறது போலிருக்கிறது என்று. ஆசை வந்துவிட்டால் ஆராய்ச்சியில் எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொதிக்க வச்சும் உயிரோட இருக்குடி. இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை" என்றார். ரிட்டயர் ஆகப் போகிற நேரத்தில், கொதித்தாலும் சாகாத ஒரு என்சைம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இதில் ஒரே தொந்தரவு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மட்டும் வேகவைத்த குழாய் தெளிவாக, தண்ணீர் மாதிரி இருக்கும். என்சைம் ஊர் உலகத்து என்சைம்களைப் போல ஒழுங்காகச் செத்திருக்கும். வெள்ளிக்கிழமை ரீடிங்குகளை எல்லாம் சரியாக வரவில்லை என்று ஒதுக்கி வைத்தேன். அன்றைக்கு ஈரல் நான் வாங்குவது, மட்டமாக இருக்கும் என்று எல்லாருமாகச் சேர்ந்து தீர்ப்பு சொன்னோம். அப்பாவிடம் சொன்னபோது, பார்த்தாயா, நீ வாங்கினால் இப்படித்தான் என்று சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அப்பாவின் சந்தோஷத்தைத்தான் சொல்ல வேண்டும். சந்தில் யாரைப் பார்த்தாலும் நானும் என் பொண்ணும் ஆராய்ச்சி பண்ணுகிறோம் என்று ஆரம்பித்துவிடுவார். பாய் கடையில் வரிசையில் நிற்க மாட்டார், ஆராய்ச்சிக்கு என்று ஒரு சத்தம் கொடுத்தால் கூட்டம் வழிவிடும். ஆராய்ச்சிக்கு ஒரு வருஷம் ஆகப்போகிற சமயத்தில், சாகாத என்சைமை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்றிக் கருத்தாக வைக்கச் சொல்லி கோயிலில் கொடுத்துவிட்டு வந்தார். என்சைமுக்கு எல்லாம் நன்றிப் பூசை வைப்பார்களா என்று அம்மா கேட்டாள். என் மகளின் கண்டுபிடிப்புக்கு என்று எழுதியிருக்கிறேன், என்சைம் என்று எழுதினால் சாமியார் வாசிக்கத் திணறுவார் என்றார்.

அந்த ஞாயிறு கழித்து வரும் புதன்கிழமை எனக்கு கமிட்டி. எங்கள் படிப்பில் இது ஒரு கண்டம். சேர்ந்து ஒரு வருஷம் ஆனதும் வெளியிலிருந்து நிபுணர்கள் வந்து உட்கார்ந்து, இதுவரை என்ன கிழித்தாய் என்று கேட்பார்கள். அவர்கள் சரி என்றால்தான் ஆராய்ச்சியைத் தொடரலாம், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மேடம் ரிட்டயர் ஆனால் என்னை எடுத்துக்கொள்ள வேறு ஆளும் கிடையாது. கமிட்டித் தலைவரிடம் சாகாத என்சைமைப் பற்றி மேடம் போனிலேயே சொல்லியும் வைத்திருந்தார். அவர் கல்யாணத்துக்கு வருகிறவரைப் போல ஆவலாக இருப்பதாகக் கேள்வி.

என்னோடு லேபில் வேலை பார்த்தவன் என் வயதுக்காரன். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன், அங்கே வீடுகளை இடித்துவிட்டு பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் அவனுக்குப் பசித்துவிடும். அதனால் மத்தியானம் என் டிபன் பாக்ஸில் பாதி அவனுடையது. அப்பாவின் கறிக்குழம்புக்கு அவன் அடிமை. வெள்ளிக்கிழமை சாம்பார் சாதத்தைப் பார்த்தால் மட்டும் அவன் முகம் தொங்கிவிடும். கமிட்டிக்கு முந்தின வாரம், அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, சாம்பார் சாதத்தையும் என் வேகவைத்த குழாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னா மச்சி, கவனிச்சியா? நான் கறி துன்ற நாள்ல எல்லாம் உன் என்சைமு உயிரோட கீது. நீ சாம்பார் எட்தாந்தா செத்துப்போவுது. அதுவும் உங்கப்பா மாதிரி வெள்ளிக்கெழம சுத்தபத்தமா இருக்குதோ?"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரு வெள்ளி தவறாமல் அப்படித்தான் நடந்திருந்தது. மட்டமான ஈரல் என்றால் ஒரு நாள் நன்றாக வரும், ஒரு நாள் மோசமாக வரும். இவ்வளவு ஒழுங்காக வாரம் தவறாமல் மட்டமாக இருக்க எந்த ஈரலாலும் முடியாது.

இருவரும் உட்கார்ந்து சந்தேகப்பட ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமை லேபைக் கழுவுகிற அக்கா வேறு ஏதாவது ஊற்றிக் கழுவுகிறார்களா என்று போய்க் கேட்டோம். எல்லா நாளும் அதே பினாயில்தான், உங்களைப் போல மூக்கைப் பொத்திக்கொண்டு யாரும் கேட்டதில்லை என்று கோபித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போக வேண்டும் என்பதால் ஆட்டைச் சீக்கிரமே அறுக்கிறாரோ என்றான் அவன். ஆட்டுக்கே வெள்ளிக்கிழமை தெரியுமோ என்றேன் நான். பேச்சு அந்த அளவுக்குப் போன பிறகு, ஈரல் கடையிலிருந்து குழாய்க்கு வருகிற வழியை ஒரு தடவை கூடவே நடந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை அலாரம் வைத்து எழுந்தேன். நான் அந்த நேரத்தில் எழுந்தது எனக்கே புதுசு. சமையல்கட்டில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி, என் ஈரலை ஒரு அலுமினியச் சட்டியில் போட்டு மஞ்சள்தூளும் கல்லுப்பும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டித் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அதைக் கொட்டினார், அலசினார், மறுபடி தேய்த்தார், மறுபடி அலசினார். கடைசியில் ஈரல் அதன் சொந்த நிறத்துக்கு வந்துவிட்டது. பார்க்கிற யாருக்கும் அதில் மஞ்சள் பட்டதே தெரியாது.

நான் வாசலில் நிற்பதைப் பார்த்து, ஏன் பாப்பா இவ்வளவு சீக்கிரம் எழுந்தாய் என்றார். தினமும் இப்படித்தான் அலசுவீர்களா என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார்.

"பின்ன? அவ்ளோ படிச்சவங்க கையில குடுக்குற பொருளு. கவுச்சியோடவா குடுத்தனுப்புவாங்க?"

நான் கத்தினேன். சந்து முழுவதும் கேட்டிருக்கும், எனக்கு அதெல்லாம் நினைவே இல்லை. ஒரு வருஷம் போச்சு என்றேன், கமிட்டியில் என் மானம் போகப்போகிறது என்றேன், யார் உங்களை அலசச் சொன்னது என்றேன். அம்மா எழுந்து வந்து என்ன என்று கேட்டாள். மஞ்சள் என்றேன். எனக்கு அதற்குமேல் சொல்ல வரவில்லை. அப்பா குழாயை மூடினார். சட்டியைக் கவிழ்த்துவைத்தார், கையை நன்றாகக் கழுவிக்கொண்டார், வாசல் பக்கம் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு லேபில், ஈரலே இல்லாமல், அமைடே இல்லாமல், வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கலக்கி வடிகட்டினேன். அம்மோனியாவைக் காட்டிக்கொடுக்கிற கரைசலை ஊற்றினேன். மஞ்சள் திரண்டு பழுப்புச் சிவப்பானது. ஒரு வருஷமாக நான் பார்த்துப் பூரித்த அதே நிறம்தான், கொஞ்சம் அடர்த்தியாக. என் நண்பன் சிரிப்பை அடக்க முடியாமல் பெஞ்சுக்குக் கீழே குனிந்துகொண்டான். மேடம் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அந்தக் கரைசலில் காரம் உண்டு, மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும், இதெல்லாம் எங்கள் எல்லாருக்கும் வேதியியலாகத் தெரியும். ஆனால் மேடத்துக்கு அது வேறு வழியாகவும் தெரியும். அவர் வீட்டில் எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை சீமந்தத்துக்கு அவர் கையாலேயே மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்திருப்பார்.

"இது ஆரத்தின்னா" என்றார்.

நான் ஒரு வருஷமாக ஆட்டு ஈரலுக்கு ஆரத்தி சுற்றியிருக்கிறேன், அதை அவர் நிபுணர்களுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். உங்க ஆத்துல யாரு இதைத் தொட்டா என்று கேட்டார். அப்பா அலசிக் கொடுத்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஈரலை ஒருவர் கையால் தேய்த்து அலசுவதை மனசுக்குள் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் நன்றிக் கருத்துகளை வாசித்தபோது நான் கண்டுபிடிப்பு வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. அப்பா முந்தின நாளே போய் மாற்றிவிட்டு வந்திருந்தார். ஒரு குடும்பத்தின் நல்ல விண்ணப்பத்துக்காக என்று மட்டும் வாசித்தார்கள். அப்பா முழங்காலில் நின்று முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவரைத் தொட வேண்டும் என்று இருந்தது, தொடவில்லை.

அதற்குப் பிறகு அவர் சமையல்கட்டுக்குள் போகவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது, பேசினால் பேசுவார், சிரித்தால் சிரிப்பார். ஆனால் எதையும் தொட மாட்டார். காலையில் பன்னும் டீயும், மத்தியானம் ஓட்டல் சாப்பாடு, ராத்திரி அம்மா கோபத்தோடு கிண்டுகிற உப்புமா. கறி வாங்கவும் போகவில்லை. திங்கட்கிழமையும் செவ்வாயும் நானே பாய் கடைக்குப் போய் வாங்கி, நேராக லேபுக்குக் கொண்டுபோய், எல்லாக் குழாய்களையும் மறுபடி வைத்தேன். வேகவைத்தது தெளிவாக இருந்தது. வாத்தியார் எங்கே என்று பாய் கேட்டார், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். டிபன் பாக்ஸில் பன்னைப் பார்த்த என் நண்பன் மட்டும், தான் வாயை விட்டிருக்கக் கூடாது என்று வருத்தப்பட்டான்.

செவ்வாய் சாயங்காலம் மேடம் எனக்கு வழி சொல்லிக்கொடுத்தார். வாங்கின இடத்திலேயே மஞ்சள் கலந்திருந்தது என்று சொல்லிவிடு, போதும். கடைக்காரர் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. ஆத்துக் கதை எல்லாம் அங்கே வேண்டாம். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை கமிட்டியில் நிபுணர்கள் நால்வர், நடுவில் தலைவர், ஓரத்தில் மேடம். சாகாத என்சைம் என்று ஒன்று இல்லை என்பதை நான் திரையில் முதல் படத்திலேயே சொல்லிவிட்டேன். தலைவர் முகம் கல்யாணம் நின்றுபோன மாதிரி ஆனது. பிறகு மஞ்சளைக் காட்டினேன், வெள்ளிக்கிழமை ரீடிங்குகளைக் காட்டினேன், இந்த வாரத்து ரீடிங்குகளையும் காட்டினேன். வாங்கிய இடத்தில் கலந்திருந்தது என்றும் சொன்னேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எந்தக் கடை என்றார் ஒருவர். தன் மாணவர்களும் மயிலாப்பூர் பக்கம்தான் ஈரல் வாங்குகிறார்கள், எல்லாருக்கும் சொல்லி அந்தக் கடையை நிறுத்த வேண்டும் என்றார். இன்னொருவர் பேனாவைத் திறந்தே விட்டார், கடை பெயரைக் கேட்டு எழுத.

பாய்க்கு இது எதற்கு என்று எனக்கு உள்ளே கொதித்தது. ஆராய்ச்சிக்கு என்று அப்பா சத்தம் கொடுத்தால் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்த மனுஷர். மேடம் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"கடையில இல்ல சார். எங்க வீட்ல எங்கப்பா அலசினார்" என்றேன்.

மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, உப்பும் போட்டாரா என்று கேட்டார். கல்லுப்பு என்றேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"பின்ன மஞ்சள் போடாம ஈரலை எப்படிம்மா அலசறது?"

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. பேனாவைத் திறந்தவர், மஞ்சள் மட்டும் போட்டால் போதாது, எலுமிச்சைச் சாறும் விட்டால்தான் கவுச்சி போகும் என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர் ஈரலுக்குப் புளிப்பு ஆகவே ஆகாது, ரப்பர் மாதிரி ஆகிவிடும் என்று சண்டைக்குப் போனார். மூன்றாமவர் வெட்டுவதற்கு முன்பு அலச வேண்டுமா பின்பா என்று என்னைக் கேட்டார், என் பதிலைக் கேட்காமலேயே முன்பு என்று தீர்ப்பும் சொன்னார். கடை பெயர் எல்லாருக்கும் மறந்துபோனது. மேடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் இவ்வளவு மெட்டீரியலை அவர் ஒரே நாளில் கேட்டிருக்க மாட்டார்.

ஒருவழியாகத் தலைவர் மேஜையைத் தட்டி எல்லாரையும் அடக்கினார். வெள்ளிக்கிழமை ரீடிங்குகளை மறுபடி காட்டச் சொன்னார். வருஷம் முழுவதும் வாரம் தவறாமல் சுத்தமான கணக்கு, பச்சை ஈரல் அமைடை உடைக்கிறது, வேகவைத்த ஈரல் உடைக்கவில்லை. இதைவிட ஒழுங்கான ஒப்பீடு அவர் மாணவர்களிடமே இல்லை என்றார். வெள்ளிக்கிழமை மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டார். அப்பாவின் வாசற்படிச் சட்டத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டார். அமைடு போடாத குழாய் மஞ்சளானபோதே உங்கள் இருவருக்கும் மணி அடித்திருக்க வேண்டும் என்று மேடத்துக்கும் எனக்கும் சேர்த்து ஒரு குட்டும் வைத்தார். அது நியாயம்தான்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசல் நாற்காலியில் இருந்தார். ஷேர் ஆட்டோ முக்கில் திரும்பியதிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்று தெரிந்தது. பாஸ் என்றேன். சிலுவை போட்டுக்கொண்டார், அவ்வளவுதான், எதுவும் கேட்கவில்லை. நான் படியில் உட்கார்ந்து, உங்கள் வெள்ளிக்கிழமையால்தான் தப்பித்தேன், அது இல்லையென்றால் காட்டுவதற்கு எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது என்றேன். அன்றைக்குக் கத்தினது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, அதற்குப் பதில் எலுமிச்சைக்காரருக்கும் ரப்பர்காரருக்கும் நடந்த சண்டையைச் சொன்னேன். எலுமிச்சை விடுகிறவன் எல்லாம் நிபுணனா என்று அப்பா முணுமுணுத்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

"அலசினது யாருன்னு கேட்டாங்களா?"

கேட்டார்கள், எங்கப்பா என்று சொன்னேன் என்றேன்.

"பேரு சொன்னியா?"

சொன்னேன் என்றேன். உண்மையாகவே சொன்னேன், கையெழுத்துப் போட்டு முடித்ததும் தலைவர் அப்பா பெயர் என்ன, என்ன செய்கிறார் என்று விசாரித்திருந்தார்.

"இனிஷியலோட?"

இனிஷியலோடு என்றேன். அப்பா எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனார்.